குழந்தைக்கு வலிப்பு, மாமியாருக்குப் பக்கவாத அறிகுறி: இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் யாருடன் செல்வது?

கேள்வி
எழுதியவர்: திருச்செங்கோட்டுத் தாய்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் நான், நான்காம் வகுப்புப் படிக்கும் மகள், மூன்று வயது நிறையாத மகன், அறுபத்தெட்டு வயதான மாமியார் ஆகிய நால்வர் இருக்கிறோம். கணவர் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலை செய்கிறார். வண்டி மத்தியப் பிரதேசத்துக்கோ சத்தீஸ்கருக்கோ புறப்பட்டுவிட்டால் மழைக்காலம் தொடங்கும் வரை அவர் ஊருக்கு வருவது அரிது. எங்கள் பக்கத்தில் இப்படி வாழும் குடும்பங்கள் ஏராளம் என்பதால் இதை ஒரு குறையாகச் சொல்ல வரவில்லை. அவசரம் என்று வந்தால் வீட்டில் முடிவெடுக்க வேண்டியவள் நான் ஒருத்திதான் என்பதைத் தெரிவிக்கவே சொல்கிறேன்.

மகனுக்குக் காய்ச்சல் வரும்போது வலிப்பு வருகிறது. ஒன்றரை வயது ஆவதற்கு முன்பே முதல் முறை வந்தது, அதன் பிறகும் வந்திருக்கிறது. இது காய்ச்சலால் வரும் வலிப்பு என்றும், பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐந்து வயதுக்குப் பின் நின்றுவிடும் என்றும் குழந்தை நல மருத்துவர் விளக்கினார். மாமியாருக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உண்டு. சென்ற மாதம் மகனுக்கு வலிப்பு வந்து, மருத்துவமனையில் சேர்த்து நான் உடன் இருந்த இரவில், வீட்டில் மாமியாருக்குப் பேச்சு குழறி, வலது கை தண்ணீர் டம்ளரைப் பிடிக்க முடியாத அளவுக்குத் தளர்ந்துவிட்டது. மகள்தான் அதைக் கவனித்து எதிர்வீட்டு அக்காவை அழைத்து வந்திருக்கிறாள். அவர்கள் அருகிலிருந்த ஒரு சிறிய கிளினிக்குக்கு அழைத்துச் செல்ல, போய்ச் சேர்வதற்குள் பேச்சு தெளிந்துவிட்டது. இரத்த அழுத்தத்தைப் பார்த்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பிறகு வேறொரு மருத்துவரிடம் காட்டியபோதுதான், அது பக்கவாதத்துக்கு முன்னால் வரும் எச்சரிக்கை என்றும், அடுத்த முறை ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது என்றும் கூறி, ஸ்கேன் எடுத்துப் புதிய மாத்திரைகளைத் தொடங்கினார்.

அந்த இரவுக்குப் பிறகு ஒரே எண்ணம் என்னை விடாமல் துரத்துகிறது. இருவருக்கும் ஒரே நேரத்தில் அவசரம் வந்தால் நான் யாருடன் செல்ல வேண்டும், யாரை யாரிடம் விட்டுச் செல்ல வேண்டும்? 108-ஐ அழைத்துக் காத்திருப்பதா, எதிர்வீட்டுக் காரில் ஏற்றிச் செல்வதா? திருச்செங்கோட்டிலிருந்து ஈரோடு, நாமக்கல், சேலம் மூன்றுக்கும் செல்லலாம் என்பதால் எங்கே செல்வது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. மகனின் உடம்பு சற்றுச் சுட்டாலும் விடியும்வரை நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மகளோ, "நான் பள்ளிக்கூடம் போனால் பாட்டியை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று காலையில் அழுகிறாள். இப்படிப்பட்ட நிலையைக் கடந்து வந்தவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில் 1
எழுதியவர்: ஓய்வுபெற்ற செவிலியர், ஈரோடு

சகோதரிக்கு வணக்கம். அரசு மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவிலும் பின்னர் அவசர சிகிச்சைப் பிரிவிலும் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். எந்த நோயில் எவ்வளவு நேரம் நம் கையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டால், உங்கள் முதல் கேள்விக்கு அமைதியாக விடை காண முடியும். ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன்.

காய்ச்சல் வலிப்பு ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு வருவது. ஒரு முறை வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மீண்டும் வரும். முதல் வலிப்பு ஒன்றரை வயதுக்குள் வந்திருந்தால் அந்த வாய்ப்பு இன்னும் கூடுதல் என்பதால், உங்கள் மகனுக்குத் திரும்ப வந்ததில் வியப்பில்லை. பார்ப்பதற்கு உயிரே போவது போல் இருந்தாலும், பெரும்பாலான வலிப்புகள் ஐந்து நிமிடத்துக்குள் தாமாகவே நின்றுவிடுகின்றன. அந்த ஐந்து நிமிடத்தில் நீங்கள் செய்ய வேண்டியவை மிகச் சில. குழந்தையைத் தரையிலோ பாயிலோ ஒருக்களித்துப் படுக்க வைத்து, கழுத்தை இறுக்கும் துணியைத் தளர்த்தி, கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் கரண்டியோ, விரலோ, தண்ணீரோ, மருந்தோ வைக்க வேண்டாம். கை கால்களை அழுத்திப் பிடிக்க வேண்டாம். இரும்புச் சாவியைக் கையில் திணிப்பதால் வலிப்பு நிற்பதில்லை. தானாக நிற்கும் நேரத்தில் சாவி கையில் இருந்திருக்கும், அவ்வளவுதான். கூடியிருப்பவர்கள் சாவியைத் தேடி ஓடும் நேரத்தில் ஒருவராவது மணியைப் பார்த்துச் சொன்னால் மருத்துவருக்குப் பேருதவியாக இருக்கும்.

ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒரே நாளில் இரண்டாம் முறை வந்தாலோ, உடம்பின் ஒரு பக்கம் மட்டும் இழுத்தாலோ, வலிப்பு நின்று வெகுநேரம் ஆகியும் குழந்தை தெளிவடையாமல் துவண்டு கிடந்தாலோ, கழுத்து விறைப்பாக இருந்தாலோ, அது காத்திருக்கக் கூடாத நிலை. வலிப்பு நீண்டால் மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரேயை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். குழந்தையின் எடைக்கு ஏற்ப அளவு மாறும். ஒரு முறை அழுத்தினால் வெளிவரும் மருந்தின் அளவும் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடுகிறது. அதனால் எத்தனை முறை அழுத்த வேண்டும் என்பதை அவர் கையாலேயே எழுதி வாங்கி, மருந்துப் பெட்டியின் மேல் ஒட்டி வையுங்கள்.

மாமியாருக்கு வந்தது முற்றிலும் வேறு வகை. மூளைக்குச் செல்லும் இரத்தம் சிறிது நேரம் தடைபட்டு மீண்டும் ஓடியிருக்கிறது. பேச்சு திரும்பிவிட்டதால் நோய் தீர்ந்துவிட்டது என்று பலரும் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் முழுப் பக்கவாதம் வரும் ஆபத்து அதையடுத்த இரண்டு நாட்களில்தான் மிகுதியாக இருக்கிறது. முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சு குழறுதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் போதும், உடனே புறப்பட வேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் சிடி ஸ்கேன் எடுத்து, இரத்தக் கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். ஆகவே ஸ்கேன் இல்லாத இடத்தில் செலவழியும் ஒவ்வொரு அரை மணி நேரமும் இழப்பே. இரத்தக் கசிவாகவும் இருக்கலாம் என்பதால், அந்த நேரத்தில் நீங்களாக ஆஸ்பிரின் கொடுக்க வேண்டாம். விழுங்கும் திறன் குறைந்திருக்கும் என்பதால் தண்ணீரும் காபியும் கொடுக்க வேண்டாம். கடைசியாக அவர் நன்றாக இருந்ததைப் பார்த்த நேரம் எது என்பதுதான் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கினாலும் பேச்சு குழறலாம், கை தளரலாம். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் வண்டி வருவதற்குள் ஒரு சொட்டு இரத்தத்தில் பார்த்துவிடலாம். எழுபதுக்குக் கீழே இருந்து, நினைவும் விழுங்கும் திறனும் சரியாக இருந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் மீண்டும் பாருங்கள். நினைவு மங்கியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. சர்க்கரை ஏறித் தெளிந்தாலும், சில மாத்திரைகளால் மீண்டும் இறங்கக்கூடும் என்பதால் மருத்துவரிடம் காட்டாமல் விடாதீர்கள். இதற்காக வண்டியை அழைப்பதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இருவருக்கும் ஒரே நேரத்தில் வந்தால், முதல் ஐந்து நிமிடம் நீங்கள் குழந்தையின் பக்கத்தில் இருங்கள், வேறொருவர் மாமியாருக்காக 108-ஐ அழைக்கட்டும். வலிப்பு நின்றுவிட்டால், குழந்தையை மருத்துவர் பார்க்க வேண்டுமே தவிர, நிமிடக் கணக்கில் பறக்க வேண்டிய நிலை பெரும்பாலும் இருக்காது. அப்போது முதலில் வண்டி ஏற வேண்டியவர் மாமியார்தான். கேட்பதற்குக் கடுமையாக இருக்கலாம். தாய் மனம் குழந்தையை விட்டு நகராது என்பதையும் அறிவேன். நீங்கள் நகரவே வேண்டாம். மாமியாருடன் எதிர்வீட்டு அக்கா செல்லும்படி இப்போதே பேசி வைத்துவிடுங்கள் என்பதே என் ஆலோசனை.

இரவெல்லாம் விழித்திருப்பது பற்றி. பாராசிட்டமால் காய்ச்சலின் வேதனையைக் குறைக்குமே தவிர, வலிப்பு வராமல் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. பல குழந்தைகளுக்குக் காய்ச்சல் ஏறுகிறது என்று வீட்டார் அறிவதற்கு முன்பே வலிப்பு வந்துவிடுகிறது. எனவே நீங்கள் நெற்றியில் கை வைத்து விழித்திருப்பதால் வலிப்பு நிற்கப் போவதில்லை. நீங்கள் கண்ணயர்ந்ததால் அது வரப் போவதுமில்லை. குழந்தை துன்பப்பட்டால் எடைக்கேற்ற அளவில் மருந்து கொடுங்கள். அதே மருந்து 120 மில்லிகிராம் சிரப்பாகவும், 250 மில்லிகிராம் சிரப்பாகவும், அவற்றைவிட அடர்த்தியான சொட்டு மருந்தாகவும் விற்கப்படுகிறது என்பதால், புது பாட்டில் வாங்கும்போதெல்லாம் லேபிளைப் படித்துவிட்டே ஊற்றுங்கள். குழந்தையை உங்கள் பக்கத்தில் படுக்க வைத்து நீங்களும் உறங்குங்கள்.


பதில் 2
எழுதியவர்: இரு பிள்ளைகளின் தந்தை, திண்டுக்கல்

செவிலியர் அம்மா எழுதியதில் மருத்துவம் தொடர்பான எதையும் மறுக்க எனக்குத் தகுதியில்லை. ஆனால் மாமியாரை எதிர்வீட்டாருடன் அனுப்பிவிடலாம் என்பதில் மட்டும் மாறுபடுகிறேன். என் மூத்த மகளுக்கு இன்சுலின் தேவைப்படும் முதல் வகைச் சர்க்கரை நோய் இருக்கிறது, என் தந்தைக்கு இதய நோய். இருவருக்காகவும் மருத்துவமனைக்குப் பலமுறை ஓடியவன் என்ற முறையில் சொல்கிறேன். கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதற்கு முன் அதன் ஆபத்தை விளக்கிக் குடும்பத்தாரிடம் கையெழுத்துக் கேட்பார்கள். அந்தப் பொறுப்பை எதிர்வீட்டார் தலையில் வைப்பது அவர்களுக்கும் நல்லதல்ல. அவர்கள் தயங்கி நிற்கும் நேரமும் வீணாகும்.

என் யோசனை, இருவரையும் ஒரே மருத்துவமனைக்குக் கொண்டு செல்வது. குழந்தைகள் பிரிவும், இரவு பகல் இயங்கும் சிடி ஸ்கேனும், மூளை நரம்பியல் சிகிச்சையும் ஒரே வளாகத்தில் இருக்கும் இடத்தை இப்போதே தேர்ந்து வைத்துக்கொள்ளுங்கள். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல்லில் 2022-இல் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டிருக்கிறது. ஈரோட்டுப் பக்கம் பெருந்துறையில் ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எல்லோரும் நலமாக இருக்கும் ஒரு நாளில் நேரில் சென்று, பக்கவாதத்துக்கான ஊசி இரவிலும் போடப்படுகிறதா, குழந்தைகளுக்கான அவசரப் பிரிவு எந்தக் கட்டடத்தில் இருக்கிறது, எந்த வாசல் இரவில் திறந்திருக்கும் என்று கேட்டு அறிந்து வாருங்கள். தனியார் மருத்துவமனையைத் தேர்ந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அது சேர்ந்திருக்கிறதா, உங்களுக்குத் தேவைப்படும் சிகிச்சைக்கு அங்கே அனுமதி உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அந்தத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. அட்டை இதுவரை எடுக்காதிருந்தால், குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குச் சென்று பதிவு செய்யுங்கள். நோயாளி படுக்கையில் இருக்கும்போது வருமானச் சான்றுக்காகக் கிராம நிர்வாக அலுவலரைத் தேடி அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

108 பற்றி. 2008 முதல் தமிழ்நாட்டில் இயங்கும் இந்தச் சேவையை நான் பெரிதும் மதிக்கிறேன், அதில் வருபவர்களின் பயிற்சியையும் மதிக்கிறேன். ஆனாலும் வண்டி தொலைவில் இருந்தால் காத்திருக்காமல் காரில் புறப்படுவதே நல்லது என்பது என் கருத்து.

உங்கள் கணவரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தொலைவில் இருப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது என்று எண்ணிவிடாதீர்கள். வலிப்பு வந்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு உறவினருக்கும் நிலைமையை விளக்குவதுதான் அந்த நேரத்தில் மிகப் பெரிய சுமை. நீங்கள் ஒரே ஒரு அழைப்பு, கணவருக்கு மட்டும் செய்யுங்கள். எதிர்வீட்டாரை எழுப்புவது, நாத்தனாருக்குச் சொல்வது, காருக்கு ஏற்பாடு செய்வது, மருத்துவமனைக்கு முன்கூட்டியே தகவல் தருவது, பிறகு விசாரிக்கும் அத்தனை பேருக்கும் பதில் சொல்வது எல்லாம் அவர் பொறுப்பாகட்டும். இருவரின் மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, காப்பீட்டு அட்டை, ஆதார் ஆகியவற்றின் படங்களை அவர் போனிலும் வைத்திருந்தால், உங்களிடம் காகிதம் இல்லாதபோதும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். என் தம்பி துபாயில் இருந்துகொண்டு எங்களுக்கு இதைத்தான் செய்கிறான். அருகில் இருந்து கை பிசைந்தவர்களைவிட அவனால் கிடைத்த உதவி அதிகம்.


பதில் 3
எழுதியவர்: ஓய்வுபெற்ற செவிலியர், ஈரோடு

தம்பி சொன்ன கையெழுத்து விஷயம் முற்றிலும் நியாயமானது. இருவருக்கும் ஒரே வளாகம் என்பது என் யோசனையைவிடச் சிறந்த ஏற்பாடுதான். ஆயினும் அதற்கு ஒரு விதிவிலக்கு வைத்துக்கொள்ளுங்கள். வலிப்பு நிற்காமல் தொடர்ந்துகொண்டிருக்கும் குழந்தையுடன் நாமக்கல்லோ சேலமோ செல்ல முயல வேண்டாம். வலிப்பை நிறுத்தும் ஊசியை மருத்துவர் இருக்கும் எந்த அவசரப் பிரிவிலும் போட முடியும் என்பதால், முதலில் உங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்கே செல்லுங்கள்; வலிப்பு நின்ற பிறகு தேவைப்பட்டால் அவர்களே மேல் சிகிச்சைக்கு அனுப்புவார்கள்.

வண்டியைப் பொறுத்தவரை, முதலில் 108-ஐ அழையுங்கள். வண்டி எங்கிருந்து வருகிறது, எவ்வளவு நேரமாகும் என்று கேட்டு, அந்தப் பதிலை வைத்துக் காரா ஆம்புலன்சா என்று முடிவு செய்யுங்கள். எந்த மருத்துவமனை ஏற்றது என்பதையும் அவர்களிடம் கேட்கலாம். காரில் செல்வதானால், ஓட்டுபவரைத் தவிர இன்னொரு பெரியவர் பின் இருக்கையில் நோயாளியை ஒருக்களித்துப் பிடித்திருக்க வேண்டும். வலிப்பு வந்த குழந்தையை இருசக்கர வாகனத்தில் நடுவில் உட்கார வைத்து அழைத்து வருபவர்களைப் பணிக்காலத்தில் எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறேன். துவண்ட தலை முன்னால் கவிழ்ந்து மூச்சுக்குழல் அடைபடும் என்பதால், எந்த நிலையிலும் அப்படிச் செய்யாதீர்கள்.

மகன் அங்கன்வாடிக்குச் செல்வதாக இருந்தால், அங்குள்ள பணியாளரிடமும் ஒருக்களித்துப் படுக்க வைப்பதை நேரில் செய்து காட்டிவிடுங்கள்.


பதில் 4
எழுதியவர்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, கரூர்

அன்புள்ள மகளுக்கு. இங்கே பேசியவர்கள் அனைவரும் உன் மாமியாரை எங்கே கொண்டு செல்வது, யாருடன் அனுப்புவது என்றே பேசியிருக்கிறார்கள். நான் ஏறக்குறைய அவர் வயதில் இருப்பவள். எனக்கும் கொதிப்பும் சர்க்கரையும் உண்டு. மகன், மருமகள், பேரப்பிள்ளைகளுடன் வாழ்கிறேன். ஆகவே அவர் பக்கத்திலிருந்து சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

அவரிடமே கேள். இருவருக்கும் ஒன்றாக வந்தால் என்ன செய்யலாம் என்று, அவர் நலமாக அமர்ந்து வெற்றிலை மடிக்கும் ஒரு மாலையில் நேராகவே கேள். பெரியவர்களிடம் இதைப் பேசுவது அபசகுனம் என்று இளையவர்கள் தயங்குகிறார்கள். நாங்களோ அதைப் பற்றி உங்களைவிட அதிகமாக எண்ணிக்கொண்டுதான் இருக்கிறோம். என் மருமகள் கேட்டபோது, "நீ குழந்தையோடு இரு, என்னோடு உன் கொழுந்தனை அனுப்பு, நினைவு தப்பினால் மருத்துவர் சொல்கிறபடி கையெழுத்துப் போடு, யாரும் உன்னைக் குறை சொல்லக் கூடாது என்று என் பிள்ளைகள் எல்லோரிடமும் நானே சொல்லிவிடுகிறேன்" என்றேன். அப்படியே எல்லோரையும் வைத்துச் சொல்லியும்விட்டேன். உன் மாமியாரும் தம் மகளிடமும் மகனிடமும் தம் வாயால் இதைச் சொல்லிவிட்டால், பிற்காலத்தில் "பிள்ளையைப் பார்த்தாள், மாமியாரை விட்டுவிட்டாள்" என்று உறவில் எவரும் நாக்கு நீட்ட இடமிருக்காது. நீ வெளிப்படையாக எழுதவில்லை என்றாலும், அந்தப் பேச்சுக்கும் சேர்த்தே அஞ்சுகிறாய் என்று உன் எழுத்தைப் படிக்கையில் எனக்குத் தோன்றியது.

இன்னொன்று, இதைச் சற்று அழுத்தமாகவே சொல்கிறேன். வீட்டில் ஒரு குழந்தை நோயுற்றிருக்கும்போது, எங்களைப் போன்றவர்கள் எங்கள் நோயை மறைத்துவிடுவோம். காலையில் கை மரத்திருந்தால், "பாவம், அவள் இரவெல்லாம் தூங்கவில்லை, பிறகு சொல்லலாம்" என்று நினைப்போம். மாத்திரை தீர்ந்துவிட்டால் வாங்கி வரச் சொல்லத் தயங்கி இரண்டு நாள் இல்லாமலே ஓட்டுவோம். பக்கவாத எச்சரிக்கை வந்த ஒருவருக்கு இந்த இரண்டு பழக்கங்களும் எவ்வளவு கெடுதல் என்பதைச் செவிலியர் அம்மா எழுதியதைப் படித்தாலே விளங்கும். ஆகவே, "அத்தை, நீங்கள் சொல்லாமல் இருப்பதுதான் எனக்குச் சுமை" என்று அவரிடம் சொல்லிவிடு. மாத்திரைகளை வாரத்துக்கு ஒருமுறை எண்ணிப் பார்க்கும் வேலையைப் பேத்தியிடம் கொடுக்கலாம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் பெயரைப் பதிவு செய்திருக்கிறாயா என்று பார். எனக்கு அப்படித்தான் வருகிறது. வரும் பெண் அழுத்தமும் பார்த்து எழுதிவிட்டுப் போகிறாள்.

பேத்தியைப் பற்றி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த வயதுப் பிள்ளைகளுடன் இருந்தவள் நான். அவள் பள்ளிக்குச் செல்ல மறுப்பது பிடிவாதம் அல்ல. பாட்டியின் உயிரை அன்று தான் காப்பாற்றியதாகவும், தான் இல்லாத நேரத்தில் அது போய்விடும் என்றும் அந்தச் சிறு மனம் கணக்குப் போட்டிருக்கிறது. "நீ கெட்டிக்காரி" என்று எல்லோரும் பாராட்டப் பாராட்ட அந்தப் பாரம் கூடிக்கொண்டே போகும். பாராட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. அதனுடன், "நீ பள்ளியில் இருக்கும்போது பாட்டியைப் பார்த்துக்கொள்ள இன்னார் இருக்கிறார்" என்று ஒரு பெரியவரின் பெயரைச் சொல்லி, அவரையே அவள் முன்னால் "ஆமாம், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லச் செய். 108-ஐ அழைப்பது, தெருப்பெயரும் அருகிலுள்ள கோயிலின் பெயரும் சொல்வது, கதவைத் திறந்து வைத்துவிட்டு எதிர்வீட்டைத் தட்டுவது, இவ்வளவும் அவளுக்குத் தெரிந்திருக்கட்டும். அதற்கு மேல் எதுவும் அவள் பொறுப்பு இல்லை என்பதும் தெரிந்திருக்கட்டும். தம்பிக்கு வலிப்பு வரும்போது பார்த்துக்கொண்டே நிற்கும்படி விடாமல், வாசலில் போய் நிற்கும் வேலையைக் கொடுத்துவிடு. வகுப்பாசிரியையிடமும் வீட்டு நிலைமையைச் சொல்லி வை. மதிய இடைவேளையில் ஒரு முறை வீட்டுக்குப் போன் செய்து பாட்டியின் குரலைக் கேட்க அனுமதித்தால், சில வாரங்களில் அந்த அழைப்பும் தேவைப்படாமல் போகும்.


கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: திருச்செங்கோட்டுத் தாய்

பதில் எழுதிய மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. கரூர் அம்மா சொன்னபடி மாமியாரிடம் பேசினேன். நான் தொடங்குவதற்கு முன்பே, கணவரிடம் இதைப் பற்றிப் பேச வேண்டும் என்று அவரும் எண்ணிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். ஸ்பீக்கரில் கணவரையும் நாத்தனாரையும் இணைத்து, நான் குழந்தையுடன் இருப்பேன் என்பதையும், தம்முடன் எதிர்வீட்டு அக்காவும் அவர் கணவரும் வர வேண்டும் என்பதையும், ஈரோட்டிலிருக்கும் நாத்தனார் நேராக மருத்துவமனைக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பதையும் அவரே சொல்லிவிட்டார். நாத்தனார் ஈரோட்டிலிருந்து விரைவில் வந்து சேரக்கூடிய இடம் என்பதால், இரவில் ஸ்கேனும் குழந்தை மருத்துவரும் இருக்கிறார்களா என்று முதலில் பெருந்துறையில் விசாரிக்கப் போகிறோம். அங்கே திருப்தியாக இல்லாவிட்டால் சேலம் என்று முடிவு செய்திருக்கிறோம். நாத்தனார் வந்து சேரும் வரை கையெழுத்துக்கு யார் என்று திண்டுக்கல் அண்ணன் கேட்கக்கூடும். நானும் குழந்தையும் அதே மருத்துவமனைக்குத்தான் வருவோம் என்பதால், அதுவரை நானே போடுவேன் என்று மாமியார் முன்னிலையிலேயே பேசியாகிவிட்டது.

திண்டுக்கல் அண்ணன் சொன்னபடி எல்லாச் சீட்டுகளையும் கணவருக்கு அனுப்பிவிட்டேன். தொலைவில் இருந்து தவிப்பதைத் தவிரத் தமக்கு ஒரு வேலை கிடைத்திருப்பதாக அவர் சொன்னது எனக்கும் ஆறுதலாக இருந்தது. யாரை முதலில் அழைப்பது என்று ஒரு பட்டியலை அவரே எழுதி, ரிக் வண்டியில் உடன் வேலை செய்பவரிடமும் ஒரு படி கொடுத்திருக்கிறார். போனில் சிக்னல் கிடைக்காத இடத்தில் அவர் இருந்தால் அந்த நண்பரின் எண்ணுக்கு நான் அழைக்க வேண்டும். மிடசோலம் ஸ்பிரே பற்றிக் கேட்பதற்குக் குழந்தை மருத்துவரிடம் வரும் வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன்.

மகள் இன்னும் காலையில் தயங்குகிறாள். எதிர்வீட்டு அக்கா அவளிடம் நேரில் வந்து பேசிய பிறகு, அழாமல் சென்ற நாட்களும் உண்டு. வகுப்பாசிரியை மதியம் போன் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். செவிலியர் அம்மாவிடம் ஒன்று மட்டும் கேட்க வேண்டியிருக்கிறது: மகனுக்கு அடுத்த தடுப்பூசி போட வேண்டிய நாள் நெருங்குகிறது. ஊசிக்குப் பின் காய்ச்சல் வந்து அதனால் வலிப்பு வருமோ என்று மாமியார் பயப்படுகிறார். போடலாமா?


பதில் 5
எழுதியவர்: ஓய்வுபெற்ற செவிலியர், ஈரோடு

போட வேண்டும், சகோதரி. காய்ச்சல் வலிப்பு வந்திருப்பதைக் காரணமாகக் கொண்டு தடுப்பூசியைத் தள்ளிப்போடத் தேவையில்லை. ஊசிக்குப் பின் சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் வருவது உண்மைதான், அதை ஒட்டி எப்போதாவது வலிப்பும் வரலாம். ஆனால் தட்டம்மை போன்ற நோயே வந்துவிட்டால் ஏறும் காய்ச்சலும் அதன் ஆபத்தும் அதைவிட மிகப் பெரியவை. ஊசி போடும் இடத்தில் முந்தைய வலிப்பைப் பற்றி முன்கூட்டியே சொல்லுங்கள். எந்தத் தடுப்பூசி, காய்ச்சல் வந்தால் எந்த நாளில் வர வாய்ப்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள். தட்டம்மை ரூபெல்லா ஊசியாக இருந்தால் காய்ச்சல் உடனே வராமல் ஒரு வாரம் கழித்தும் வரலாம். வியாழக்கிழமை மருத்துவரைப் பார்க்கும்போது தடுப்பூசி அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். உங்கள் மாமியாரையும் உடன் அழைத்துச் சென்றால், அவருடைய பயத்துக்கான பதிலை அவரே நேரில் கேட்டுக்கொள்வார்.